போர்களும் கடைசி நாட்களும்: சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய கிழக்கில் ஏவுகணை பறந்தால் போதும், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ்ச் சபைகளின் வாட்ஸ்அப் குழுக்கள் அன்றிரவே நிரம்பிவிடும். ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போதும், வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்திலும் போதகரிடம் கேட்கப்படும் கேள்விகளைத் திரட்டி, அவற்றுக்கான பதில்களை இங்கே தருகிறோம். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. திருவிவிலியம் வைத்திருக்கும் கத்தோலிக்கர் வெளிப்படுத்தின விசேஷத்தைத் திருவெளிப்பாடு என்ற பெயரிலும், ஏசாயாவை எசாயா என்ற பெயரிலும் தேட வேண்டும்.

இப்போது நடக்கிற போர்தான் கடைசிப் போரா?

இயேசுவே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். "யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள், கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள், இவைகளெல்லாம் சம்பவிக்கவேண்டியதே, ஆனாலும், முடிவு உடனே வராது" (மத்தேயு 24:6). மேடையில் இந்த வசனத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கட்டளை இருப்பது நடுவில், "கலங்காதபடி" என்ற சொல்லில். தகவல் இருப்பது கடைசியில்.

எட்டாம் வசனத்தில் "வேதனைகளுக்கு ஆரம்பம்" என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது பிரசவ வலியைக் குறிக்கும் சொல். வலி கண்டுவிட்டால் குழந்தை பிறக்கப்போவது உறுதி. எத்தனை மணிக்கு என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். தேவாலயத்துக் கட்டடங்களைச் சீஷர்கள் காட்டுகிறார்கள். ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடி எல்லாம் இடிக்கப்படும் என்கிறார் இயேசு. அது எப்போது என்று அவர்கள் கேட்கிறார்கள். கி.பி. 70-இல் தீத்துவின் ரோமப் படை எருசலேமைப் பிடித்து ஆலயத்தை அழித்தது. ஆகவே அதிகாரத்தின் ஒரு பகுதி அந்தத் தலைமுறையிலேயே நிறைவேறிவிட்டது, இன்னொரு பகுதி இனிமேல்தான். கோடு எந்த வசனத்தில் விழுகிறது என்பதில் நல்ல வேத அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. அந்த இடத்தில் யாராவது அடித்துப் பேசினால் கொஞ்சம் நிதானித்துக் கேளுங்கள்.

அப்படியென்றால் இது "கடைசி நாட்கள்" இல்லையா?

கடைசி நாட்கள்தான். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு யோவேலின் வசனத்தை எடுத்து, அது இன்று நடக்கிறது என்றார் (அப்போஸ்தலர் 2:16, 17). எபிரெயர் 1:2-உம் "இந்தக் கடைசி நாட்களில்" என்றே சொல்கிறது. புதிய ஏற்பாட்டின் கணக்கில் அந்த நாட்கள் தொடங்கிச் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

இப்படிப்பட்ட போர்கள் முன்பு வந்ததில்லையே?

நம் ஊரிலேயே வந்திருக்கின்றன. 1914 அக்டோபர் 28 அதிகாலையில் ஜெர்மானியக் கப்பல் எம்டன், போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, ரஷ்யாவின் செம்சுக் கப்பலை மூழ்கடித்தது. ஜார்ஜ்டவுனில் மேற்குச் சாலைக் கல்லறையில் அந்த ரஷ்ய மாலுமிகளின் நினைவிடம் இன்றும் இருக்கிறது. 1941 டிசம்பர் 11-இல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு வீசின. 19-ஆம் தேதி தீவு விழுந்தது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர். பிறகு தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றி, 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா பாதை போட அனுப்பினார்கள். 1943 அக்டோபர் 17-இல் பாதையின் இரு முனைகளும் இணைந்தபோது பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டிருந்தார்கள்.

போர், பஞ்சம், கொள்ளைநோய் என்று மத்தேயு 24:7 சொல்லும் மூன்றும் அந்தத் தலைமுறையின் வீட்டு வாசலுக்கே வந்தன. உலகம் முடிந்துவிட்டது என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால் மறுத்துப் பேச யாருக்கும் வாய் வந்திருக்காது. ஆனாலும் 1945-க்குப் பிறகு அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், சபை கட்டினார்கள், தொட்டில் கட்டினார்கள்.

வெளிப்படுத்தின விசேஷம் 6-இல் வரும் குதிரைகள் எதைக் குறிக்கின்றன?

வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மங்கின நிறம். சிவப்புக் குதிரையின்மேல் ஏறியிருப்பவனுக்குப் பூமியிலிருந்து சமாதானத்தை எடுத்துப்போடும்படி பெரிய பட்டயம் கொடுக்கப்படுகிறது. அதன் பின்னாலேயே கறுப்புக் குதிரை தராசோடு வருகிறது. போருக்குப் பின்னால் விலைவாசி வரும் என்பதை யோவான் இந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறார்.

ஆறாம் வசனத்தில் விலை இருக்கிறது: ஒரு பணத்துக்கு ஒருபடி கோதுமை, ஒரு பணத்துக்கு மூன்றுபடி வாற்கோதுமை. ஒரு பணம் என்பது கூலியாளின் ஒரு நாள் சம்பளம்; திராட்சத்தோட்ட உவமையில் பேசிய கூலி அதுதான் (மத்தேயு 20:2). "படி" என்று மொழிபெயர்த்த கிரேக்க அளவு ஏறக்குறைய ஒரு லிட்டர், ஒருவர் ஒரு நாள் சாப்பிடும் தானியம். நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 65 வெள்ளி. கட்டுப்பாட்டு விலையில் உள்ளூர் வெள்ளரிசி கிலோ 2.60. யோவான் காட்டும் பஞ்சத்தில் அந்த 65 வெள்ளிக்கும் ஒரு கிலோகூட முழுசாகக் கிடைக்காது. உழைக்கிறவர் மட்டும் சாப்பிடலாம். மனைவி பிள்ளைகளுக்கும் வேண்டுமென்றால் மட்டமான வாற்கோதுமைக்கு இறங்க வேண்டும். எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே என்ற குரலும் அதே வசனத்தில் கேட்கிறது. வசதியானவர்களின் மேஜை குறையாமல் ஏழையின் பானை மட்டும் காலியாகும் பஞ்சம் என்று பலர் இதை விளக்குகிறார்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் வாழைமர நோட்டு கட்டுக்கட்டாக இருந்தும் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்றவர்களுக்கு இந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

எசேக்கியேல் 38-இல் ரஷ்யாவும் ஈரானும் சேர்ந்து வருவதாக எழுதியிருக்கிறதா?

பெர்சியர் என்று எழுதியிருக்கிறது (38:5); அது இன்றைய ஈரானின் பழைய பெயர்தான். ரஷ்யா என்று எழுதியில்லை. சிக்கல் "ரோஷ்" என்ற எபிரெயச் சொல்லில் இருக்கிறது. அதன் பொருள் தலை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதை ஒரு நாட்டின் பெயராக வைத்தது. ஒலி ஒத்திருப்பதால் பிற்காலத்தவர்கள் ரஷ்யா என்றார்கள். தமிழ் பழைய மொழிபெயர்ப்பு "அதிபதி" என்றே வைக்கிறது. அதே அதிகாரத்தில் வரும் மேசேக்கும் தூபாலும் இன்றைய துருக்கிப் பகுதியில் வாழ்ந்த மக்கள். மேசேக் என்றால் மாஸ்கோ, தூபால் என்றால் தொபோல்ஸ்க் என்பது ஒலியை மட்டும் வைத்துச் சொல்வது. மொழி வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

வெளிப்படுத்தின விசேஷம் 20:8, எசேக்கியேல் 38-இல் வரும் கோகு, மாகோகு என்ற அதே பெயர்களைப் பூமியின் நான்கு திசைகளிலுமுள்ள ஜாதிகளுக்கு வைக்கிறது, அதுவும் ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு. ஒரே நாட்டைப் பற்றிய பேச்சாக இருந்தால் யோவான் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்பதே எங்கள் கருத்து.

அர்மகெதோன் எங்கே இருக்கிறது?

கடைசிப் போருக்குப் படைகள் கூடும் இடத்தின் பெயர் அது. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரே ஒரு முறை வருகிறது (16:16). மெகிதோ என்ற ஊரோடு அதை இணைப்பது வழக்கம். வடக்கு இஸ்ரவேலில், யெஸ்ரயேல் சமவெளியின் ஓரத்தில் உள்ள மண்மேடு அது. எகிப்துக்கும் மெசொப்பொத்தாமியாவுக்கும் இடையே போன படைகளுக்கு அது கணவாய் வாசல். யோசியா ராஜா அங்கேதான் பார்வோன் நேகோவின் கையில் மடிந்தான். அதனால் "மெகிதோ" என்று கேட்டாலே யூதர் காதில் துக்கம் விழும்.

படைகள் கூடுகின்றன என்று 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. சண்டைக் காட்சியைத் தேடி 19-ஆம் அதிகாரத்துக்குப் போனால் அங்கே சண்டையே விவரிக்கப்படவில்லை. வெள்ளைக் குதிரையில் வருகிறவரின் பட்டயம் அவர் கையில் இல்லை, வாயிலிருந்து புறப்படுகிறது (19:15). அவருடைய வஸ்திரம் போருக்கு முன்பே இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது (19:13). அது சிலுவையில் சிந்திய அவருடைய சொந்த இரத்தம் என்று பல உரையாசிரியர்கள் வாசிக்கிறார்கள். அர்மகெதோனை டாங்கிகளும் அணுகுண்டும் கொண்டு விளக்கும் யூடியூப் பிரசங்கங்கள் இந்த இரண்டு வசனங்களையும் தாண்டிப் போய்விடுகின்றன. எங்களுக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

1948-இல் இஸ்ரவேல் உருவானதே, அதிலிருந்து கணக்குப் போடலாம்தானே?

போட்டார்கள், தவறினார்கள். கணக்கு இப்படிப் போகும்: இயேசுவின் உவமையில் வரும் அத்திமரம் இஸ்ரவேல்; அது துளிர்த்தது 1948; "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" (மத்தேயு 24:34); ஒரு சந்ததி 40 வருஷம்; ஆக 1988. அந்த ஆண்டு போனதும் சந்ததியை 70 ஆக்கினார்கள், பிறகு 80 ஆக்கினார்கள். கணக்கின் முதல் படியே வழுக்குகிறது. இதே உவமையை லூக்கா "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" என்று எழுதுகிறார் (21:29). எல்லா மரங்களும் என்றான பிறகு அத்திமரத்தை ஒரு நாடாக்க முடியாது.

தேதி குறித்தவர்களின் வரிசை நீளமானது: அமெரிக்காவில் 1844 அக்டோபர் 22, கொரியாவில் 1992 அக்டோபர் 28, மறுபடி அமெரிக்காவில் 2011 மே 21. கொரியாவில் மக்கள் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றுக் காணிக்கை கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவரிடம் 1993-இல் முதிரும் கடன் பத்திரங்கள் இருந்ததைக் காவல்துறை கண்டுபிடித்தது. "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" ஒருவனும் அறியான் (மத்தேயு 24:36) என்பதற்கு, "வருஷத்தையும் மாதத்தையும் அறியலாம்" என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அப்போஸ்தலர் 1:7 "காலங்களையும் வேளைகளையும்" என்று சொல்லி அந்தக் கதவையும் அடைத்துவிடுகிறது.

தமஸ்கு, ஐபிராத்து, சிவப்புக் கிடாரி என்றெல்லாம் வருகிறதே?

சுருக்கமாகச் சொல்கிறோம். "தமஸ்கு... பாழான மண்மேடாகும்" (ஏசாயா 17:1) என்பது ஏசாயாவின் நாளிலேயே, கி.மு. 732-இல் அசீரியர் அந்த நகரைப் பிடித்தபோது நிறைவேறியதாகப் பெரும்பாலான உரைகள் கொள்கின்றன. ஐபிராத்து நதி வற்றுவதற்கு வறட்சியும், துருக்கியிலும் சிரியாவிலும் கட்டிய அணைகளும் காரணம். மழை பெய்தால் மறுபடி ஏறும். அமெரிக்காவிலிருந்து ஐந்து சிவப்புக் கிடாரிகள் 2022 செப்டம்பரில் இஸ்ரவேலுக்குப் போனது உண்மை. எண்ணாகமம் 19 அதை ஒரு சுத்திகரிப்புச் சடங்காகச் சொல்கிறது; முடிவு காலத்தோடு அந்த அதிகாரம் எதையும் இணைக்கவில்லை.

எங்கள் சபையில் இரகசிய வருகை என்கிறார்கள். பக்கத்துச் சபையில் அப்படி எதுவும் இல்லை என்கிறார்கள். யார் சரி?

இரண்டும் கிறிஸ்தவச் சபைகள்தான். 1 தெசலோனிக்கேயர் 4:17-இன்படி விசுவாசிகள் மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பதை எல்லாரும் ஏற்கிறார்கள். அது உபத்திரவ காலத்துக்கு முன்பே தனியாக நடக்குமா, கிறிஸ்து எல்லாரும் காண வரும் அதே வேளையில் நடக்குமா என்பதில்தான் வேறுபாடு. முந்தியது 1830-களில் டார்பி என்பவரால் பரவி, 1909-இல் வெளிவந்த ஸ்கோபீல்டு குறிப்பு வேதாகமத்தால் உலகமெங்கும் போனது. அசெம்பிளீஸ் ஆஃப் காட் போன்ற பெந்தெகொஸ்தே சபைகள் அதைப் போதிக்கின்றன. லுத்தரன் சபை 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 17-ஆம் பிரிவிலேயே பூமியில் ஆயிரம் வருஷ அரசாட்சி நடக்கும் என்ற கருத்தை ஏற்க மறுத்துவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 676-ஆம் எண்ணில் அதையே சொல்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரே தெருவில் வாழும் ஒரே குடும்பத்தில் மாமியார் லுத்தரன், மருமகள் பெந்தெகொஸ்தே என்பது சாதாரணம். சாப்பாட்டு மேசையில் இது சண்டையாகாமல் இருக்க ஒரு வழி உண்டு. நிசேயா விசுவாசப் பிரமாணத்தின் வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க மகிமையோடே திரும்ப வருவார், அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை." அது எல்லாருக்கும் பொது. மற்றவை பேசலாம், படிக்கலாம். அதற்காக உறவை முறிக்க வேண்டாம்.

மைகாட் சிப், இ-வாலட், கியூஆர் குறியீடு – இவை மிருகத்தின் முத்திரையா?

இல்லை. 2001-இல் மைகாட் அடையாள அட்டை வந்தபோதும் இந்தப் பயம் எழுந்தது. வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரத்தில் முத்திரையும் வணக்கமும் ஒன்றாகவே வருகின்றன: மிருகத்தின் சொரூபத்தை வணங்குகிறவன் முத்திரை பெறுகிறான் (13:15-17, 14:9). தெரியாமல் ஒட்டிக்கொள்ளும் முத்திரை என்று ஒன்று அங்கே இல்லை. அடையாள அட்டையைப் பதிவு அலுவலகத்தில் வாங்குகிறவர் யாரையும் கும்பிடுவதில்லை. 666 என்ற எண்ணைப் பொறுத்தவரை, நீரோ இராயன் என்ற பெயரை எபிரெய எழுத்தில் கூட்டினால் அந்தத் தொகை வருகிறது. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 இருப்பதற்கும் அதே பெயரின் லத்தீன் வடிவம் பொருந்துகிறது.

வாட்ஸ்அப்பில் வரும் தீர்க்கதரிசனச் செய்தியை எப்படிச் சோதிப்பது?

முதலில் வசன எண்ணைத் தேடி, அந்த ஒரு வசனத்தோடு நிறுத்தாமல் முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். வசன எண்ணே இல்லாத செய்தி என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். வீடியோ என்றால் அதிலிருந்து ஒரு காட்சியைப் படமெடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். பல நேரம் அது நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் வேறு நாட்டில் எடுத்ததாக இருக்கும். ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் உண்மைப் போர் என்று பலமுறை சுற்றிவந்திருக்கின்றன. இரவில் எடுத்தது, காமிரா ஆட்டம், மனிதக் குரல் இல்லை – இந்த மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள். மலேசியச் செய்தி என்றால், பொய்ச் செய்திகளைச் சரிபார்க்கும் அரசுத் தளமான செபெனார்ஞா டாட் மை தளத்தில் பாருங்கள். பிறகு ஒரு இரவு பொறுத்திருங்கள். நாளைக் காலையும் அது உண்மையாக இருந்தால் அப்போது அனுப்பலாம்.

இதில் பெரும்பாலும் தவறுவது எங்கே என்றால், அனுப்பியவர் நமக்கு மிகவும் வேண்டியவர், ஜெபிக்கிற அக்கா, மூத்த ஐயா என்பதால் சோதிக்கக் கூச்சப்படுகிறோம். தெசலோனிக்கேயாவிலும் இதேதான் நடந்தது. பவுலின் பெயரிலேயே ஒரு கடிதம் சுற்றியிருக்கலாம் என்பதால்தான் அவர், "எங்களிடத்திலிருந்து வந்ததாய்த் தோன்றுகிற ஒரு நிருபத்தினாலாவது" கலங்காதேயுங்கள் என்று எழுதினார் (2 தெசலோனிக்கேயர் 2:2). இன்னொன்று: பொய்யான அல்லது பிறர் மதத்தைப் புண்படுத்தும் செய்தியைப் பரப்புவது 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவில் குற்றமாகலாம். "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்பது தப்பிக்கும் வழியாகாது.

கிறிஸ்தவர்கள் இஸ்ரவேல் பக்கம்தான் நிற்க வேண்டுமா? முஸ்லிம் நண்பர்களிடம் என்ன சொல்வது?

ரோமர் 9 முதல் 11 வரை பவுல் தம் சொந்த ஜனத்துக்காக அழுகிறார். தேவன் அவர்களைத் தள்ளிவிடவில்லை என்கிறார். அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு அரசாங்கத்தின் ஒவ்வொரு குண்டுவீச்சையும் ஆமென் சொல்லி ஏற்க வேண்டும் என்று அந்த மூன்று அதிகாரங்களில் எங்கும் இல்லை. அந்த ஜனத்தின் ராஜாக்களை அவர்களுடைய தீர்க்கதரிசிகளே எதிர்த்து நின்றார்கள்.

பெத்லகேமிலும் காஸாவிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். 2023 அக்டோபர் 19-இல் காஸாவின் புனித பொர்பிரியு ஆலய வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் குண்டுவீச்சில் இறந்தார்கள். அதே மாதம் 7-ஆம் தேதி இஸ்ரவேலில் வீடுகளுக்குள்ளேயே குடும்பங்கள் கொல்லப்பட்டன. ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள்மேல் குண்டு விழுவது எப்படி இருக்கும் என்பது தமிழருக்குத் தெரியும்: 1995 ஜூலை 9, யாழ்ப்பாணத்து நவாலி. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள யாழ்ப்பாணத்துக் குடும்பங்களைக் கேளுங்கள்.

வேலையிடத்தில் முஸ்லிம் நண்பர் கேட்டால் நீண்ட இறையியல் தேவையில்லை. இறந்த பிள்ளைகளுக்காக நாங்களும் துக்கப்படுகிறோம், இரு பக்கத்துக்காகவும் ஜெபிக்கிறோம் என்று உண்மையாகச் சொல்லுங்கள். "எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" (சங்கீதம் 122:6) என்பது அந்த நகரில் வாழும் எல்லாருக்காகவும்தான். தீர்க்கதரிசன அட்டவணை நகர வேண்டும் என்பதற்காக ஒரு ஊர் எரியட்டும் என்று ஆசைப்படுவது பாவம். இதை மென்மையாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

கிறிஸ்தவர் இராணுவத்தில் சேரலாமா?

முதல் மூன்று நூற்றாண்டுகளில் பல போதகர்கள் கூடாது என்றார்கள். மெனோனைட் சபையினர் இன்றும் அப்படியே. ஆனால் யோவான் ஸ்நானன் போர்ச்சேவகரை வேலையை விடச் சொல்லவில்லை. "ஒருவருக்கும் இடுக்கண்செய்யாமலும்" இருங்கள், "உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்" என்றான் (லூக்கா 3:14). அகுஸ்தீனும், அவருக்குப் பின் தாமஸ் அக்குவினாசும் நியாயமான போருக்கு விதி வகுத்தார்கள். கத்தோலிக்க மறைக்கல்வி (2309) நான்கு நிபந்தனைகளைச் சேர்த்தே கேட்கிறது: எதிரி செய்யும் தீங்கு நிலையானதும் கொடியதும் உறுதியானதுமாக இருக்க வேண்டும், மற்ற வழிகள் எல்லாம் பயனற்றுப் போயிருக்க வேண்டும், வெற்றிக்கு உண்மையான வாய்ப்பு வேண்டும், ஆயுதம் தடுக்கும் தீமையைவிடப் பெரிய தீமையை உண்டாக்கக் கூடாது. நான்கில் ஒன்று விழுந்தாலும் போர் நியாயமிழக்கிறது. கடைசி நிபந்தனையில்தான் இக்காலப் போர்கள் பெரும்பாலும் தோற்கின்றன, ஏனென்றால் நகரங்கள்மேல் விழும் குண்டு ஆள் பார்ப்பதில்லை.

மலேசியப் படையினர் 2007 முதல் லெபனானில் ஐ.நா. அமைதிப் படையில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பணிக்குப் போகும் சபைப் பிள்ளையைத் தாராளமாக ஜெபித்து அனுப்பலாம்.

உணவு சேர்த்து வைக்க வேண்டுமா? வேலையை விடலாமா? இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து ஊழியத்துக்குக் கொடுக்கலாமா?

மூன்று நாளுக்கு வைத்திருங்கள். அது தண்ணீர் வெட்டுக்கும் வெள்ளத்துக்கும் உதவும். ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர். நால்வர் குடும்பத்துக்கு 48 லிட்டர், அதாவது ஒன்றரை லிட்டர் போத்தல் 32. பிரஷர், நீரிழிவு மாத்திரை இரண்டு வாரத்துக்கு.

ஏழு வருஷ உபத்திரவத்துக்கென்று அரிசி மூட்டை அடுக்குவது நம் சூட்டில் நடக்காது. வண்டின் முட்டை அரிசி மணிக்குள்ளேயே இருக்கும். 30 டிகிரியில் ஒரு மாதத்தில் அது பொரித்து, வளர்ந்த வண்டாகவே வெளியே வந்துவிடும். மூட்டையைத் தூக்கும்போது தரையில் மாவு கொட்டினால் உள்ளே தின்று முடித்துவிட்டது என்று அர்த்தம். மாதத் தேவைக்குமேல் 10 கிலோ போதும். நான்கு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்து, ஈரம் வடிந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். பழுப்பரிசியில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் ஆறு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும்.

வேலையைப் பற்றிப் பவுல் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறார். கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று கலங்கிய அதே தெசலோனிக்கேயருக்குத்தான், வேலைசெய்ய மனதில்லாதவன் "சாப்பிடவுங்கூடாது" என்று எழுதினார் (2 தெசலோனிக்கேயர் 3:10).

இ.பி.எஃப். 2024 மே 11 முதல் மூன்று கணக்காகப் பிரிந்திருக்கிறது: சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்கு, 15 நல்வாழ்வுக்கு, 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் கணக்குக்கு. அந்த மூன்றாவது கணக்கில் 50 வெள்ளியிலிருந்து கைபேசியிலேயே எடுக்கலாம் என்பதால்தான் "கடைசிக் கால விதை" கேட்பவர்கள் அதைக் குறிவைக்கிறார்கள். முடிவு நெருங்கிவிட்டது என்று உண்மையாக நம்புகிறவருக்கு உங்கள் ஓய்வுப் பணம் எதற்கு? சபையின் பெயரில் இல்லாத தனியார் வங்கிக் கணக்குக்கு ஒரு காசும் போடாதீர்கள். போட்டு ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே மோசடிப் புகார் எண் 997-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் பணம் இரண்டு மூன்று கணக்கு தாண்டிவிட்டால் பிடிப்பது கடினம்.

பிள்ளை இரவில் பயந்து எழுகிறது. என்ன செய்வது?

ஹாலில் ஓடும் செய்தியை நிறுத்துங்கள். பிள்ளை கேட்கவில்லை என்று நினைப்போம், எல்லாவற்றையும் கேட்டிருக்கும். "இயேசு வந்து உன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்" என்று அடக்குவதற்காகச் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேளுங்கள். வரைபடத்தில் எருசலேமையும் கோலாலம்பூரையும் காட்டுங்கள். இடையில் சுமார் 7,600 கிலோமீட்டர். அங்கிருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு வரி ஜெபம் செய்யச் சொல்லுங்கள். செய்வதற்கு ஏதாவது இருந்தால் பயம் இளகும். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்குமேல் கெட்டால், பெரியவர்களானாலும் பிள்ளைகளானாலும், மருத்துவரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. ஜெபமும் மருத்துவமும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

வீட்டுக் கூட்டத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தை எப்படிப் படிப்பது?

பத்து வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் விளக்கமே வேண்டாம். மாறிமாறி முழு நூலையும் சத்தமாக வாசியுங்கள், ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். 1:3 வாக்களிக்கும் பாக்கியம் வாசிக்கிறவனுக்கும் கேட்கிறவர்களுக்கும்தான். அடுத்து ஏழு சபைகளுக்கு ஒரு வாரம். 4, 5 அதிகாரங்களுக்குக் கட்டாயம் ஒரு முழு வாரம் கொடுங்கள். பெரும்பாலான குழுக்கள் அவற்றைத் தாண்டி 6-க்கு ஓடுவதால்தான் நூல் பயங்கரமாகத் தெரிகிறது. யூதாவின் சிங்கம் என்று கேட்டுத் திரும்பிப் பார்த்தால் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி நிற்கிறது. அதற்குப் பின் நூல் முழுவதும் இயேசு 28 முறை ஆட்டுக்குட்டி என்றே அழைக்கப்படுகிறார். கடைசி வாரத்தை 21, 22-க்கு வையுங்கள். நாளிதழைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். தானியேலையும் எசேக்கியேலையும் சகரியாவையும் திறந்து வையுங்கள், யோவான் எடுத்தாளும் படங்கள் அங்கேதான் கிடைக்கும்.

போருக்காக எப்படி ஜெபிப்பது?

சங்கீதம் 46-ஐ வாசித்துத் தொடங்குங்கள்; "யுத்தங்களை ஓயப்பண்ணுகிறார்" என்ற ஒன்பதாம் வசனத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பிறகு ஊர்களைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள், இரு தரப்பு ஊர்களையும். "உலக சமாதானம்" என்று பொதுவாகச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஜெபத்தைத் தவிர நம்மால் என்ன செய்ய முடியும்?

போர் துரத்திய மக்கள் இந்த நகரத்திலேயே இருக்கிறார்கள். மியான்மாரின் சின் இனத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் புடுவிலும் இம்பியிலும் ஒரு வீட்டை மூன்று நான்காகத் தடுத்து வாழ்கின்றன. 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் இன்னும் பலர் வந்தார்கள். மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. அதனால் அவர்களுக்குச் சட்டப்படி வேலை இல்லை, பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி இல்லை. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம், ஐ.நா. அகதிகள் அட்டை இருந்தால் அதில் பாதி, அந்தப் பாதியும் பிரசவத்தின்போது பெரிய தொகை.

அவர்களுடைய சபைத் தலைவரிடம் முதலில் கேளுங்கள், என்ன தேவை என்று. பெரும்பாலும் கேட்பது கற்றல் மையத்துக்கு ஆசிரியர். வாரம் ஒரு நாள், அதே நாள், இரண்டு மணி நேரம், மலாய் அல்லது கணிதம், ஆறு மாதத்துக்குக் குறையாமல். ஆறு மாதம் என்பதற்குக் காரணம் உண்டு: வந்தவர் மூன்றாம் வாரம் நின்றுவிட்டால் பிள்ளைகள் அடுத்த ஆசிரியரை நம்புவதில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரே வாரத்தில் ஐந்து சபைகள் அரிசியும் பிஸ்கட்டும் கொண்டுபோகும். பிப்ரவரியில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். உங்கள் சபை பிப்ரவரியை எடுத்துக்கொள்ளட்டும். அரிசியோடு சமையல் எரிவாயுவுக்கும் பணம் கொடுங்கள். முகம் தெரியும்படி படம் எடுத்துப் போடாதீர்கள். அந்தப் படத்தால் வீடு இருக்கும் இடம் தெரிந்து அவர்களுக்கு ஆபத்து வரக்கூடும்.